சாமி ஏற்றுக்கொள்ளாத சம்மதம்

எங்கள் கல்யாணம் ஒரே ஒரு வார்த்தையால் நின்றுபோகப் பார்த்தது.

கோவிலில் ஓலை வாசித்துக் கல்யாணத்தை அறிவிக்கும் முன் மாப்பிள்ளையையும் பெண்ணையும் பங்குச்சாமி, அதாவது அந்தக் கோவிலின் பாதிரியார், தனித்தனியே விசாரிப்பார். பெரியதாழையில், அவள் ஊர்ப் பங்குக் கோவிலில், முதலில் நான் போனேன். யாருடைய கட்டாயமும் இல்லாமல் சம்மதிக்கிறீர்களா என்றார். "சம்மதம் சாமி" என்று வருகைப் பதிவுக்குப் பதில் சொல்வதுபோல் சொல்லி, கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

அடுத்து அவள். கதவு திறந்தே இருந்தது. அதே கேள்விக்கு அவள் சொன்ன பதில், "ஆட்டும் சாமி."

எங்கள் பக்கத்தில் அதற்குச் சரி என்று அர்த்தம். வேறு வழியில்லாவிட்டாலும் அதே வார்த்தைதான். சாமியோ தஞ்சாவூர்க்காரர். பேனாவை மூடிவிட்டார்.

"யார் சொன்னதுக்கும்மா ஆகட்டும்?"

"அப்பா சொன்னாவ. ஆட்டும்னேன்."

"அது அப்பாவோட சம்மதம். உன் சம்மதம் இல்லாம நான் தாலி கட்டவெச்சாலும் அந்தக் கல்யாணம் செல்லாது. யோசிச்சு அடுத்த ஞாயித்துக்கிழமை வா."

துறைமுகத்தில் சரக்குக்குச் சுங்க அனுமதி வாங்கும் கிளியரிங் வேலை பார்ப்பவன் நான். கையெழுத்து குறைந்த காகிதத்தோடு எத்தனையோ முறை திரும்பியிருக்கிறேன். அப்போதெல்லாம் வராத பயம் அன்று வந்தது. அவள் அப்பா கொதித்தார். "அவ வேற என்னத்தச் சொல்லணுமாம்?" எனக்கும் அதே கேள்விதான். அதை அவளிடமே கேட்கலாம் என்பது, வெட்கக்கேடு, இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

அந்த வாரம் முழுக்க அவளுக்கு ஃபோன் பண்ணத் தைரியம் வரவில்லை. வேண்டாம் என்றுவிடுவாளோ என்று மனம் அடித்துக்கொண்டது. அவளை எனக்கு எவ்வளவு பிடித்திருக்கிறது என்பதே அப்போதுதான் தெரிந்தது.

ஞாயிறு பூசை முடிந்ததும் உள்ளே போனாள். நானும் அவள் அப்பாவும் வாசலில் நின்றோம்.

"நல்லா யோசிச்சேன் சாமி. எனக்கு இவியளப் புடிச்சிருக்கு. யாரு சொல்லியும் இல்ல." குரல் தெருவரைக்கும் கேட்டது. சாமி சிரித்துக்கொண்டே எழுதத் தொடங்கினார். அவள் விடவில்லை.

"இவிய போன வாரம் போன வேகத்துல வெளிய வந்துட்டாவ. இவியள்ட்டயும் இன்னொரு தடவ கேளுங்க சாமி. நான் இங்கனயே நிக்கேன்."

சாமி என்னை உள்ளே கூப்பிட்டார். அதே கேள்வியைக் கேட்டார். அவளை இழந்துவிடுவேனோ என்று ஒரு வாரமாகத் தூங்கவில்லை என்பதை, அவள் அப்பா பின்னால் நிற்பதையும் மறந்து, அப்படியே சொல்லிவிட்டேன்.