சிவப்புப் பூட்டும் எழுந்து போகாத புரதமும்

பல் துலக்கும்போது ரத்தம் வந்தது. பிரஷ் சரியில்லை என்று மாற்றினேன். தொடையில் நீலம் நீலமாகக் கன்றிப்போனது. ரயில் கூட்டத்தில் இடிபட்டிருக்கும் என்றேன். வேப்பம்பட்டிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு ரயில் மாறிப் போகிறவனுக்கு இடிபடக் கேட்கவா வேண்டும்? டாக்டரிடம் போகச் சொன்ன மனைவி மேல் எரிந்து விழுந்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

நான் இரும்புக் கம்பி மில்லில் எலக்ட்ரீஷியன். மோட்டாரில் கை வைக்கும் முன் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் அவரவர் சிவப்புப் பூட்டை மாட்ட வேண்டும். சாவி அவரவரிடம்தான் இருக்கும். மாட்டியவன் கழற்றும் வரை லைன் ஓடாது. ஆள் கிடைக்காவிட்டால் மேனேஜர் கையெழுத்துப் போட்டுப் பூட்டை வெட்டச் சொல்லலாம். ஆனால் உயிரோடு இருப்பவனுடைய பூட்டை வெட்டுவது அபசகுனம் என்பது எங்கள் ஆட்களின் எழுதாத சட்டம்.

அன்று காலை பூட்டை மாட்டினேன், ஸ்பேனரை எடுத்தேன், விழுந்துவிட்டேன். மூக்கில் ரத்தம் நிற்கவில்லை. கம்பெனி வேனில் சென்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். என் அரைஞாண் கயிற்றில் இருந்த சாவியும் கூடவே வந்துவிட்டது. ரத்தப் புற்றுநோய் என்று மதியமே சொல்லிவிட்டார்கள்.

சாயந்திரம் என் ஜோடி ஃபிட்டர் வந்தான். ஆரம்பாக்கத்துக்காரன், என்னைவிடப் பத்து வயது சின்னவன்.

"இன்னாண்ணா, இப்டி பண்ணிட்ட? உடம்பு எப்டிக்கீது?" என்றான். நான் வாயைத் திறப்பதற்குள், "சாவி எங்கண்ணா? காலைலேர்ந்து லைன் நிக்குது."

"நான் ரத்தம் ஏத்திக்கினு கெடக்குறேன், ஒனக்கு சாவி கேக்குதா!" என்று கத்தினேன். அடுத்த கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

சத்தம் கேட்டு டாக்டர் வந்தார். என் மகள் வயதுதான் இருக்கும். என்ன சாவி, என்ன பூட்டு என்று முழுக்கதையும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"சார், உங்க வியாதியும் இதேதான்."

நம் செல்லுக்குள் டி.என்.ஏ. இழை, புரதங்களின் மேல் சுற்றிச் சுருட்டி வைக்கப்பட்டிருக்குமாம். அந்தச் சுருளுக்குக் குரோமாட்டின் என்று பெயர். எந்த ஜீன் ஓட வேண்டும், எது நிற்க வேண்டும் என்பதற்காக வேறு சில புரதங்கள் அதன் மேல் வந்து உட்காரும், எழுந்து போகும். எனக்குள் ஒன்று உட்கார்ந்தது, எழுந்து போகவில்லை. வெள்ளையணுக்களை வளரவைக்கும் ஜீன்களை எல்லாம் அது பூட்டிவிட்டது. குட்டி அணுக்கள் வளராமலே பெருகி எலும்பு மஜ்ஜையை அடைத்துக்கொண்டன.

"பூட்டுனவன் யாரும்மா?" என்றேன். மில் புகை, எப்போதோ விட்டுவிட்ட பீடி, என் வாய் என்று யார் தலையில் பழி போடலாம் என மதியத்திலிருந்து பட்டியல் போட்டுக்கொண்டிருந்தேன்.

"யாருமில்ல சார். ரெண்டு ஜீன் உடைஞ்சு தப்பா ஒட்டிக்கிச்சு. அதுல வந்த புரதம். உங்க தப்பு இல்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஃபிட்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மருந்து இரண்டு. வைட்டமின் ஏ-வின் வகையைச் சேர்ந்த ஒரு மாத்திரை பூட்டைத் திறக்கும். ஆர்சனிக் அந்தப் புரதத்தையே உடைத்துப்போடும். ஆர்சனிக் என்றதும் கட்டில் ஓரம் உட்கார்ந்திருந்த என் மனைவி எழுந்து நின்றாள்.

"எலிக்கு வெக்கிறதையா இவருக்கு ஏத்தப் போறீங்க?"

"அளவோடதான்மா. முதல் சில வாரம் ஆபத்து. தாண்டிட்டா பெரும்பாலும் குணமாயிடும்."

இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து ஃபிட்டரிடம் கொடுத்தேன். ஆர்சனிக் ஏற்றிக்கொள்ளச் சம்மதித்தேன்.

சில வாரங்களில் ரத்தக் கசிவு நின்றது. அணுக்கள் வளரத் தொடங்கிவிட்டன என்று டாக்டர் சொன்னபோது, பிள்ளைகள் பரீட்சையில் பாஸான மாதிரி வார்டு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு மாதக்கணக்கில் ஊசியும் மாத்திரையும். கடைசிச் சோதனையில் அந்தப் புரதத்தின் ஜீன் தடயமே இல்லை. அன்று மனைவி, "இனிமே எலிங்க ஒன்னாண்ட வராது" என்றாள்.

போன மாதம் வேலைக்குத் திரும்பினேன். பூட்டுகள் தொங்கும் பலகையில் என்னுடையது அதே கொக்கியில் தூசி இல்லாமல் இருந்தது. டீ குடிக்கும்போது சூப்பர்வைசர்தான் சொன்னார். நான் விழுந்த அன்று ஆஸ்பத்திரியிலிருந்து அவருக்குப் போன் வந்ததாம், ஆள் பிழைப்பது சந்தேகம் என்று. மேனேஜர் கையெழுத்துப் போட்டுவிட்டார், கட்டரும் வந்துவிட்டது. ஃபிட்டர் சுவிட்ச் பேனல் முன்னால் போய்க் கையை விரித்து நின்றுகொண்டானாம்.

"ஆளு உசுரோட கீறாரு சார். நான் போய் சாவி வாங்கியாறேன்."

நான் கத்தியதற்கு அவனிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவன் அதற்குள் பூட்டை என் கையில் திணித்து, "லைன்ல வேல கீதுண்ணா, மாட்டு" என்றான்.