வந்த நோக்கம்: மேட்டர்

காலை ஆறு ஐம்பது. பால் பாக்கெட் எடுக்கக் கீழே வந்த நான் முதலில் பார்த்தது மஞ்சள் கோடுகளை. லிஃப்ட் பொத்தானுக்கு மேலே, தண்ணீர் லாரி வரும் நேரத்தைச் சொல்லும் அறிவிப்பைப் பிய்த்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு தாளை ஒட்டியிருந்தார்கள். எங்கள் அடுக்ககத்தின் பார்வையாளர் பதிவேட்டிலிருந்து எடுத்த ஜெராக்ஸ். வெவ்வேறு பக்கங்களின் வரிகளைக் கத்தரித்து, ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கி நகல் எடுத்திருந்தார்கள். ஏழு வரி. ஏழும் செவ்வாய்க்கிழமை. பெயர், கைபேசி எண், போகும் வீடு, வந்த நேரம், போன நேரம், வந்த நோக்கம். ஏழிலும் ஒரே பெயர். வீடு, மூன்றாவது மாடியில் இருக்கும் என் வீடு. நோக்கம் என்ற பத்தியில் ஏழு முறையும் ஒரே சொல்: மேட்டர். அந்தச் சொல்லின்மேல் மட்டும் மஞ்சள் மை.

அடியில் ஒரு வரி தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. "உறுப்பினர்களின் கவனத்துக்கு: இது குடும்பங்கள் வாழும் இடம்." கையெழுத்து இல்லை. சங்கத்தின் ரப்பர் முத்திரை மட்டும், சற்றுச் சாய்வாக.

தாளைக் கிழித்தேன். வாட்ச்மேன் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார்.

"கிழிச்சு இன்னா மேடம் பிரயோசனம். நாலு மாடிலயும் கீது. நைட்டே குரூப்ல போட்டுட்டாங்கோ."

"பதிவேடு உங்க மேஜையிலதானே இருக்கும்?"

"செகரட்டரி எடுத்துக்கினு போனாரு. குடுக்க மாட்டேன்னு நான் சொல்ல முடியுமா? நாளைக்கு நான் இங்க இருக்கணும்ல."

அவர் சொன்னது நியாயம். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இருந்த கோபத்தை மற்றவர்களுக்காக வைத்துக்கொண்டேன்.

இருபத்தாறு ஆண்டுகள் ஒரு நாளிதழில் துணையாசிரியராக இருந்தவள் நான். தனியாக இருப்பவள். ராஜா அண்ணாமலைபுரத்தின் இந்தக் கட்டடத்தில் வாடகைக்கு வந்து ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. பதிவேட்டில் பெயர் எழுதியவர் அதே நாளிதழில் பக்கம் வடிவமைத்தவர். பல தலைமுறையாக ராயப்பேட்டையில் இருக்கும், வீட்டில் உருது பேசும் குடும்பம். பத்தொன்பது ஆண்டுகளாகச் சேர்ந்து வேலை செய்கிறோம். நாளிதழை விட்ட பிறகு, மாடித் தோட்டம் பற்றிய காலாண்டிதழ் ஒன்றை இருவருமாகக் கொண்டுவந்தோம். நான் எழுதி, திருத்தி வைப்பேன். அவர் செவ்வாய்க்கிழமை பதினொன்றரைக்கு மடிக்கணினியோடு வந்து அதைப் பக்கங்களாக அமைப்பார். மூன்று வரி மிஞ்சினால் எந்த மூன்றை வெட்டுவது என்று அருகருகே உட்கார்ந்தால்தான் தீரும். இரண்டு மணிக்குக் கிளம்பிவிடுவார்.

பத்திரிகை அலுவலகத்தில் அச்சுக்குப் போகும் எழுத்துக்கு மேட்டர் என்று பெயர். "மேட்டர் வந்துச்சா", "மேட்டர் நீளம்", "அரைப் பக்க மேட்டர் குடுங்க" என்று ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்வோம். ஆணும் பெண்ணும் சொல்வோம். யாரும் யாரையும் நிமிர்ந்து பார்த்தது கிடையாது.

இந்தக் கட்டடத்தில் அவர் முதல் வாரம் எழுதிய நோக்கம் லே-அவுட், அதாவது பக்க வடிவமைப்பு. அதைப் படித்த வாட்ச்மேன், "லே-அவுட்டா? எந்தப் பக்கம் நைனா, கேளம்பாக்கமா? சென்ட் இன்னா வெல?" என்று கேட்டிருக்கிறார். மனை விற்க வந்தவர் என்று நினைத்துவிட்டார். மனைத் தரகர்களை உள்ளே விடக் கூடாது என்று சங்கத்தின் உத்தரவு வேறு. பத்து நிமிடம் வாசலில் நின்ற பிறகு, அதை அடித்துவிட்டு மேட்டர் என்று எழுதினார். அது வாட்ச்மேனுக்கு உடனே புரிந்தது. சென்னையில் எதுவும் மேட்டர்தான். தண்ணீர் வராததும் ஒரு மேட்டர், மகன் வேலையை விட்டதும் ஒரு மேட்டர். அதன் பிறகு எல்லா வாரமும் அதையே எழுதினார்.

அன்று காலை எட்டு மணிக்கு அவரை அழைத்தேன். அந்தத் தாளின் படம் அதற்குள் அவருக்கும் போயிருந்தது. எங்கள் கட்டடத்துக்கு இஸ்திரி போடுபவர் அவர் தெருவில்தான் குடியிருக்கிறார்.

"பார்த்தேன் மேடம். வீட்டுல கேட்டாங்க, மேட்டர்னா என்னான்னு. பத்தொம்பது வருஷமா அதத்தான் தின்னுகினு இருக்கோம்னு சொன்னேன்."

நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை என்பது அடுத்த வாக்கியத்தில் தெரிந்தது.

"ஒரு வரி எழுதி வாங்கிக் குடுங்க மேடம். எம் பேர் போட்டு, தப்பா ஒட்டிட்டோம்னு. தெருவுல காட்டறதுக்கு ஒரு காகிதம் வேணும். பேர் வெளிய போயிட்டா அப்புறம் நம்ம கையில இல்ல."

வாங்கித் தருகிறேன் என்றேன். அப்போது அது சுலபம் என்றுதான் நினைத்தேன்.

செயலாளர் இரண்டாவது மாடி. தி.நகரில் ஜவுளிக் கடை. சென்னைக்கு வந்து முப்பது ஆண்டுகள் ஆகியும் பேச்சில் தெற்கத்தி வாடை போகவில்லை. கடைக்குக் கிளம்பி, சாவிக் கொத்தோடு வாசலிலேயே நின்று பேசினார். உள்ளே கூப்பிடவில்லை.

"நான் என்ன மேடம் சொன்னேன்? ஒண்ணும் சொல்லலையே. அவரு எழுதினதத்தான் ஒட்டியிருக்கு."

"மஞ்சள் மையும் அவர் போட்டதா?"

"தெளிவாத் தெரியணும்லா."

"என்ன தெரியணும்?"

"படிக்கவங்க என்ன நினைக்காங்களோ, அது அவங்க பாடு. அதுக்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்?"

"உங்களுக்கு இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் தோணுச்சு?"

"அத எம் வாயால சொல்ல முடியாது. வீட்டுல பொம்பளையாளு இருக்கு."

"நானும் பொம்பளைதான். எங்கிட்ட சொல்லுங்க."

சாவிக் கொத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "ஞாயித்துக்கிழம மீட்டிங்ல பேசிக்கிடலாம்" என்று லிஃப்டுக்குள் போனார். நான் உள்ளே வருவதற்குள் கதவை மூடும் பொத்தானை அழுத்தினார்.

ஞாயிற்றுக்கிழமைக்கு நான்கு நாட்கள் இருந்தன. அகராதிகளை எடுத்து வைத்துக்கொண்டேன். சண்டைக்குப் போகும்போது ஆதாரத்தோடு போவது என் தொழில் கற்றுக்கொடுத்த பழக்கம்.

மேட்டர் என்ற ஆங்கிலச் சொல் பிரெஞ்சு வழியாக லத்தீனிலிருந்து வந்தது. லத்தீனில் அது மரம். அதாவது வீடு கட்ட வெட்டி வைத்த மரம், தச்சன் கைக்கு வருகிற மரம். போர்த்துகீசியர்கள் காடு மண்டிய தீவு ஒன்றுக்கு மதேரா என்று பெயர் வைத்தார்கள். அதுவும் இதே மரம்தான். மரத்திலிருந்து எந்தப் பொருளுக்கும் மூலப்பொருள் என்றாகி, பிறகு எதைப் பற்றிப் பேசுகிறோமோ அது என்றானது. லத்தீன் சொல்லுக்கும் அடியில் தாய் என்ற சொல் இருப்பதாக அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். கிளைகளை ஈன்ற அடிமரம் என்ற கணக்கில்.

அதே சொல்லைப் பழைய ஆங்கில மருத்துவர்கள் புண்ணிலிருந்து வடியும் சீழுக்கு வைத்தார்கள். அஞ்சல் துறை அச்சிட்ட தாளுக்கு வைத்தது. வழக்கறிஞர்கள் வழக்குக்கு வைத்தார்கள். அச்சுக்கூடத்தில் கோத்து வைத்த ஈய எழுத்துகளுக்கு அந்தப் பெயர். இன்னும் அச்சேறாதது உயிருள்ள மேட்டர், அச்சேறிப் பிரித்துப் போட வேண்டியது செத்த மேட்டர்.

ஆணும் பெண்ணும் கூடுவதற்கு அந்தச் சொல்லைச் சென்னை எப்போது வைத்தது என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. கல்லூரி மாணவர்கள் பேச்சில் முதலில் கேட்டேன். பெயர் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் ஒரு வெற்றுச் சொல்லை எடுத்து அதில் தங்கள் எண்ணத்தை ஊற்றி வைப்பார்கள். வடமொழியில் நடத்தையைக் குறித்த சமாச்சாரம், தமிழில் செய்தியானது. கண்ணைச் சிமிட்டிக்கொண்டு சொன்னபோது வேறொன்றும் ஆனது. ஆகவே அந்தத் தாளில் இருந்த ஆபாசம் எழுதியவருடையது அல்ல, மை பூசியவருடையது. இந்த ஒரு வாக்கியத்தைக் கூட்டத்தில் சொல்ல வேண்டும் என்று குறித்து வைத்தேன்.

ஞாயிறு காலை பத்து மணிக்குக் கார்கள் நிற்கும் தரைத்தளத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். என்னையும் சேர்த்துப் பதினான்கு பேர். என் பக்கத்து நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. தலைவர், முதல் மாடி வக்கீல். மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவர்.

நான் எழுதி வந்ததைப் படித்தேன். ஏழு செவ்வாய்க்கிழமைகளில் என்ன மேட்டர் என்று தேதி வாரியாகச் சொன்னேன். முதல் வாரம் செம்பருத்தியில் மாவுப்பூச்சி. அடுத்தது மாடியில் நீர்க்கசிவு. அதற்கடுத்தது முருங்கையைக் கவாத்து செய்யும் முறை. நாலாவது, மண்புழு. மண்புழு என்றதும் யாரோ சிரித்து, உடனே இருமலாக்கினார். இதழ்களைச் சுற்றுக்கு விட்டேன். பாதி பேர் பிரிக்காமலேயே அடுத்தவரிடம் கொடுத்தார்கள். சொல்லின் வரலாற்றையும் சுருக்கமாகச் சொன்னேன். தாய் என்ற இடம் வந்தபோது செயலாளர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, இது ஒரு தப்பபிப்பிராயம்" என்றார் வக்கீல். "இந்த மேட்டரை இதோட விட்டுடலாம்."

இரண்டு பேர் சிரித்தார்கள். அவருக்கு எதற்கென்று புரியச் சற்று நேரம் ஆனது. பிறகு முகம் சிவந்தது.

"நீங்க தினமும் கோர்ட்டுக்கு எதுக்குப் போறீங்க சார்?" என்றேன். "வாசல் பதிவேட்டுல எழுதச் சொன்னா என்ன எழுதுவீங்க?"

"அது வேற, இது வேற."

"எது வேற? சொல்லு ஒண்ணுதான். ஆபாசம் எழுதினவர் கையில இல்ல, மை பூசினவர் கையில இருந்தது."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "சொல்லை மட்டுமா பார்த்தோம், பேரையும்தான் பார்த்தோம்" என்றது. நான் திரும்பவில்லை. ஐந்து ஆண்டுகளாகக் கொலுவுக்கு என்னைக் கூப்பிடும் குரல் அது. தலைவர் அதைக் கண்டிக்கவில்லை. குறிப்பேட்டிலும் அது ஏறவில்லை.

"மேடம், சங்கம் உங்களுக்கு வருத்தம் தெரிவிக்கும்" என்றார் வக்கீல். "எழுத்துல தரோம். போதுமோன்னோ?"

"எனக்கு வேண்டாம். அவருக்குக் கொடுங்க. அவர் பேர் போட்டு."

"அது எப்படி? நீங்க இங்க குடியிருக்கேள். அவர் சங்கத்துக்கு யாரு? லெட்டர்ஹெட்ல வெளி மனுஷாளுக்கெல்லாம் எழுத முடியாது. வழக்கம் இல்ல."

"வெளி மனுஷர் பேரை முத்திரை குத்தி நாலு மாடியில ஒட்ட வழக்கம் இருக்கா?"

"பேரு அவரு கையால எழுதினதுதானே" என்றார் செயலாளர், கைபேசியிலிருந்து தலையைத் தூக்காமல். "நாங்களா எழுதினோம்?"

தீர்மானத்தை வாக்கெடுப்புக்கு விட்டார்கள். எனக்கு வருத்தம் தெரிவிப்பதற்குப் பதின்மூன்று கை. அவருக்குத் தெரிவிப்பதற்கு ஒரு கை. மூன்றாவது மாடியில் எனக்கு எதிர்வீட்டில் இருக்கும் பள்ளி ஆசிரியை. நான் வாடகைக்கு இருப்பவள் என்பதால் எனக்கு வாக்கு இல்லை.

திங்கள்கிழமை மாலை கடிதம் வந்தது. என் பெயருக்கு, நான்கு வரி. "தங்களுக்கு ஏற்பட்ட மனவருத்தத்துக்கு" என்று தொடங்கி, "தொடர்புடைய வெளிநபர்" என்று ஓர் இடத்தில் அவரைக் குறித்து, ஒத்துழைப்பு வேண்டி முடிந்தது. சிவப்புப் பேனாவால் "தொடர்புடைய வெளிநபர்" என்பதை அடித்து, மேலே அவர் பெயரை எழுதி, அச்சுத் திருத்தக் குறிகளோடு செயலாளர் வீட்டுக் கதவுக்கு அடியில் தள்ளினேன். இரவு எட்டு மணிக்கு அதே கடிதத்தின் புதிய நகல் என் கதவுக்கு அடியில் கிடந்தது. ஒரு சொல்லும் மாறவில்லை.

அதைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டதற்கான நீலக் குறி வந்தது. சற்று நேரம் கழித்து அழைத்தார்.

"எம் பேர் இல்லையே மேடம்."

"இல்லை."

"அப்ப இத வச்சு நான் என்ன பண்றது? வெளிநபர்னா யார்னு தெருவுல கேட்டா, அது நான்தான்னு நானே சொல்லணும்."

மறுபடியும் முயல்கிறேன் என்றேன். வேண்டாம் என்றார். குரலில் கோபம் இல்லை. பத்தொன்பது ஆண்டுகளில், பக்கத்தை முடித்து அச்சுக்கு அனுப்பும் நேரத்தில் எத்தனையோ முறை என்மேல் கத்தியிருக்கிறார். அன்று கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை பதினொன்றரைக்கு அவர் வரவில்லை. பக்கங்கள் மின்னஞ்சலில் வந்தன. பதினேழாம் பக்கத்தில் மூன்று வரி மிஞ்சியிருந்தது. எதை வெட்டுவது என்று நான்தான் முடிவு செய்தேன். அந்த இதழை அப்படியே முடித்துக் கொடுத்தார்.

அடுத்த இதழை வேறொருவர் வடிவமைத்தார்.