மாமனைக் காணோம்

வெள்ளகோவில் பக்கம் இருக்கும் எங்கள் குலதெய்வக் கோவிலில் என் சின்ன மகளுக்கு மொட்டையடித்துக் காது குத்தப் போன அன்று, என் அண்ணனைக் காணவில்லை. தாய்மாமன் மடி இல்லாமல் அந்தக் காரியம் நடக்காது. நல்ல நேரமோ பத்தரையோடு முடிகிறது. மாலை வாங்கி வருகிறேன் என்று ஒன்பதரைக்குப் போனவர், பத்து மணியாகியும் வரவில்லை.

என் வீட்டுக்காரர் போன் போட்டார். என் பைக்குள்ளிருந்து மணி அடித்தது. குளிக்கப் போகும்போது அண்ணன் என்னிடம் கொடுத்ததை நான் சுத்தமாக மறந்துபோயிருந்தேன்.

அண்ணன் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். "கம்பெனிக்கு ஒரு நிமிசம் லேட்டாப் போகமாட்டாப்ல உன்ற அண்ணன். நம்மூட்டுக் காரியம்னா மட்டும் ஆளைத் தேடோணும்," என்றார் மாமியார்.

"ஆத்தா, எங்கண்ணனைக் காட்டிக் குடு தாயி," என்று அம்மனைக் கும்பிட்டுவிட்டு, மைக் வைத்திருந்தவரிடம் ஓடினேன்.

"அடையாளம் சொல்லுங்க."

"புது வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில மாலை இருக்குமுங்க. தாய்மாமனுங்க."

அவர் கோவிலைச் சுற்றிக் கை காட்டினார். "அங்க பாருங்க, அத்தனை பேரும் அப்படித்தானுங்க இருக்காங்க!"

ஆனாலும் கூப்பிட்டார். ஏழெட்டு மாமன்கள் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார்கள். எங்கள் ஆள் மட்டும் வரவில்லை.

பத்தே காலுக்கு வேப்பமரத்தடியில் கண்டுபிடித்தோம். அண்ணன் பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் யாரோ ஒரு பையன், பாதி மொட்டையோடு வீறிட்டுக்கொண்டிருந்தான்.

"ஏனுங்கண்ணா, இதாரு கொழந்தை?"

பக்கத்தில் நின்ற பையனின் அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். "நாந்தானுங்க புடிச்சு உக்கார வெச்சேன். என்ற தம்பி வேலைக்குன்னு போயி மூணு வருசமாச்சுங்க, எங்க இருக்கான்னே தெரியலீங்க. இன்னிக்காச்சும் வந்துருவான்னு பாத்துட்டே நின்னனுங்க."

மாலைக் கடையில் பேச்சுக் கொடுத்ததில், அவர் பிறந்த குலமும் நானும் அண்ணனும் பிறந்த குலமும் ஒன்று என்று தெரிந்திருக்கிறது. எங்கள் வழக்கத்தில் ஒரே குலம் என்றால் உடன்பிறப்பு முறை. அண்ணன் அந்தப் பையனுக்கும் மாமன்தான். அழுதுகொண்டு கேட்ட தங்கையிடம் முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

நேரம் ஓடியது. பாதி மொட்டையோடு ஒரு குழந்தையை இறக்கிவிடவும் முடியாது. எல்லோரும் மாமியார் முகத்தைப் பார்த்தோம்.

"ஏன் நிக்கறீங்க? இன்னொரு தொடை சும்மாதான இருக்குது? உக்கார வெய்யி புள்ளையை!"

இரண்டு தொடையில் இரண்டு குழந்தைகள், இரண்டு பேருக்கும் ஒரே சுருதியில் அழுகை. இரண்டு மொட்டையும் முடிந்து, பத்தரைக்குள் ஆசாரி நாலு காதையும் குத்தி முடித்துவிட்டார். மாமன் வேட்டியை இரண்டு பேருமே நனைத்துவிட்டார்கள். "இன்னும் ஏதாச்சும் கொழந்தை இருக்குதுங்களா?" என்று அண்ணன் கேட்க, அழுதுகொண்டிருந்த அந்த அம்மாவும் சிரித்துவிட்டார்.

பிறகு அவர் பையிலிருந்து புது வேட்டி சட்டை எடுத்து நீட்டினார். தம்பிக்கென்று வாங்கி வந்ததாம். அண்ணன் தொடவில்லை.

"உள்ள வெய்யிங்கம்மா. அவன் வந்து கட்டிக்குவான். எனக்கென்ன, இந்த வெயிலுக்குக் காஞ்சிரும்."

ஈர வேட்டியோடுதான் பஸ் ஏறினார். நான் அந்தத் தம்பியின் பெயரைக் கேட்டு வந்தேன். வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும்போது, எங்கள் வீட்டுப் பெயர்களோடு அதையும் சேர்த்துச் சொல்கிறேன்.