உள்ளே ஒரு கை

பிரேசிலியன் ஜியு-ஜிட்சு வகுப்பில் எனக்கு வரவே வராமல் கிடந்தது ட்ரையாங்கிள் பிடி. மல்லாந்து படுத்து, மேலே கவிழ்கிறவளின் கழுத்தையும் ஒரு கையையும் நம் கால்களுக்கு நடுவே மாட்டி இறுக்க வேண்டும். தாங்க முடியாமல் அவள் கையால் தட்டினால் உடனே விட வேண்டும். கேட்க என்னவோ சுலபம்தான். காலைப் போட்டு வளைத்துவிடுவேன்; இறுக்குகிற நேரத்தில் உடம்பு தானாக விட்டுவிடும்.

"பிடபேடம்மா!" என்று மாஸ்டர் கன்னடத்தில் கத்துவார். விடாதே, விடாதே. எரிச்சலாக வரும். வேண்டுமென்றா விடுகிறேன்?

காரணம் எனக்குத் தெரியும், சொல்லத்தான் வெட்கம். ஓசூரில் ஒரு கம்பெனியில் பிரஸ் மிஷின் ஓட்டுகிறேன். இரண்டு கையாலும் இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். எதிரே நின்று, அழுத்தி முடிந்த பீஸை உள்ளே கைவிட்டு எடுப்பவள் என் தோழி, பக்கத்துத் தளி ஊர்க்காரி. அவள் கை உள்ளே போகும்போது என் கை பட்டனில் இருக்கக் கூடாது. சேர்ந்த நாளிலிருந்து இதுதான் பாடம். வகுப்பிலும் எனக்கு ஜோடி அவள்தான். அதே கை என் கால்களுக்கு உள்ளே வந்ததும், எல்லாவற்றையும் விடு என்கிறது உடம்பு.

"நோவுச்சுன்னா நான் தட்டிட மாட்டனா? நீ பயப்படாம இறுக்குடி," என்றாள்.

போன ஞாயிற்றுக்கிழமை பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினேன். முகம் சிவக்க என் தொடையில் தட்டினாள். தட்டியது எனக்கும் தெரிந்தது. ஆனாலும் கால் உடனே விடவில்லை, ஒரு மூச்சு பிந்தித்தான் விட்டது. மாஸ்டர் கைதட்டினார். இத்தனை வருஷம் உடம்பில் ஊறியிருந்ததை ஒரே நாளில் கெடுத்துக்கொண்டேனோ? அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை ஷிப்ட். கம்பெனி பஸ்ஸில் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள், வழக்கமான வாயாடித்தனம் இல்லை. பிரஸ் முன்னால் நின்றதும் என் உள்ளங்கை வியர்த்துப் பட்டன் வழுக்கியது. கொஞ்ச நேரத்தில் ஒரு பீஸ் சிக்கிக்கொண்டது.

கையை நீட்டப் போனவள் நிறுத்தினாள். மிஷினின் பக்கத் தகட்டில் பட் பட்டென்று தட்டினாள், வகுப்பில் தட்டுகிற மாதிரியே. இதற்கு முன் ஒருநாளும் அவள் அப்படிச் செய்ததில்லை.

இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினேன்.

"ராத்திரி பூரா எனக்குத் தூக்கமே இல்லடி," என்றாள். என் கைகளைப் பார்த்துக்கொண்டேதான் அவள் கையை உள்ளே விட்டாள்.