வெளித்தாழ்ப்பாள்

எண்பதுகளின் கடைசி. ஆரியசாலை மொத்தக் கடையில் வேலை பார்த்த என் கணவருக்கு எய்ட்ஸ் என்று தெரிந்ததும் ஆஸ்பத்திரியில் கடைசி அறைக்கு மாற்றினார்கள். உடம்பில் எதிர்ப்புச் சக்தியே இல்லை, அதனால்தான் வாயும் தொண்டையும் பூஞ்சை பிடித்துப் புண்ணாகிவிட்டன என்று டாக்டர் வாசலில் நின்றே சொன்னார். நோயாளிக்குத் துணையிருப்பவரை அங்கே பைஸ்டாண்டர் என்பார்கள். அப்படி ஓர் ஆள் இல்லாமல் யாரையும் சேர்க்கமாட்டார்கள். அதனால் என்னையும் உள்ளே விட்டு வெளியே தாழ் போட்டார்கள். எனக்கு என்ன நோய்?

மலையாள நர்ஸ் ஊதா மருந்தை ஜன்னலில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வாள். "சேச்சி தன்னெ வாயில புரட்டணும், கேட்டோ."

நானே அவர் வாயில் தடவினேன். என் விரலெல்லாம் ஊதா. பேச முடியாமல் கிடந்தவரிடம் தாழ்ப்பாளைப் பற்றி நான் சொல்லவில்லை. புண் ஆறி, கஞ்சி தொண்டையில் இறங்கிய அன்றுதான் அவர் வாய் திறந்தார்.

"கதவ ஏம்ட்டி எப்பவும் சாத்தியே வச்சிருக்க?"

"காத்து அடிக்கு. உங்களுக்கு ஆவாதுல்லா."

"எனக்கு வேர்த்து ஊத்துது. கொஞ்சம் தொறந்து விடு."

அவர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்துபோய், திறக்காது என்று தெரிந்த கதவை இழுத்தேன்.