மஸ்கட்டிலிருந்து பரு வைத்தியம்

ஸ்டெல்லா, அருள், உங்கப்பன் எழுதுறேன். இந்த மஸ்கட்டில் மருந்துக்கடை நகைக்கடை மாதிரி மின்னும். ஆனால் டாக்டர் சீட்டு இல்லாமல் ஒரு கேப்ஸ்யூல் தரமாட்டார்கள். ஸ்டெல்லாவின் பருவுக்குக் கடலூர் டாக்டர் எழுதின டாக்ஸிசைக்ளினை இங்கே வாங்கி அனுப்பினால் சரக்கு இன்னும் நல்லா இருக்கும் என்று போனேன். கடைக்காரர் எகிப்துக்காரர். “பேஷண்ட் எங்கே?” என்றார். “சிதம்பரத்தில்.” “டாக்டர்?” “நான்தான் பார்த்துக்கிறேன்.” “நீங்க டாக்டரா?” “இல்லை, அப்பா.” அந்த மனுஷன் இருமல் மிட்டாய் ஒன்றைக் கையில் வைத்து அனுப்பிவிட்டார்.

நம்ம ஊரில் பருவுக்கு என்று சொன்னால் போதும், கத்தரியால் அட்டையை வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். அந்த ஊரில் வளர்ந்தவன் இங்கே வந்து லாரி ஓட்டினாலும், வீடியோ காலில் ஒரு முகம் தெரிந்தால் வைத்தியம் தானாக வந்துவிடும். சாப்பிட்டுவிட்டு நிறைய தண்ணீரோடு போடச் சொல்லியிருந்தார் டாக்டர். நான் வாய்ஸ் அனுப்பினேன்: “அது சூட்டு மாத்திரைம்மா. படுக்கும்போது ஒரு வாய் பால்ல முழுங்கு.” பரு குறையவில்லை. “ஒண்ணு பத்தலை, ரெண்டா போடு.” பிச்சாவரத்தில் படகேறினபோது வெயிலில் ஸ்டெல்லாவின் முகம் இறாலாட்டம் சிவந்தது. “ரத்தம் சுத்தமாவுது” என்றேன்.

பிறகு அந்தப் போன். “அப்பா, எச்சி முழுங்குனாகூட நெஞ்சுல கத்தி வச்சிக் கீறுற மாரி இருக்கு.” ஸ்டெல்லா, இரண்டு நாளாக நீ சோறு இறங்காமல் கிடந்திருக்கிறாய். அம்மா போனைப் பிடுங்கினாள்: “நீங்க லாரி ஓட்டப் போனீங்களா, வைத்தியம் பாக்கப் போனீங்களா?”

கேப்ஸ்யூல் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கியிருக்கிறது, பால் மருந்தை உடம்பில் சேரவிடவில்லை, வெயிலும் அந்த மருந்துக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னாராம். “பால்ல போடச் சொன்னது யாரு?” என்று கேட்டதற்கு நீ, “நானாத்தான் போட்டேன் டாக்டர்” என்றாயாம். அம்மா அதைச் சொன்னபோது வண்டியை ஓரம் கட்டிவிட்டேன்.

புண் ஆறின பிறகு, தினம் ஒன்று மட்டும் என்று டாக்டர் மறுபடி ஆரம்பித்திருக்கிறார். காலை எட்டு மணிக்கு, சாப்பிட்டபின், ஒரு டம்ளர் தண்ணீர் முழுசாக. அரைமணி நேரம் படுக்கக்கூடாது. இந்தத் தடவை நான் ஒன்றும் சொல்லவில்லை.

முதல் நாள், உங்களுக்கு எட்டு, எனக்கு ஆறரை. அறையில் கூட இருப்பவர்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். ஒரு டம்ளர் தண்ணீரை முழுசாகக் குடித்துவிட்டு, கட்டிலில் உட்காராமல், ஏழு மணிவரை நின்றுகொண்டே இருந்தேன்.