நீர்மூழ்கிக்கு ஒரு திதி

நாங்கள் குடியேறிய சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியில், எங்கள் மாடியிலேயே ஒரு ஜெர்மன் மூதாட்டி தனியாக இருந்தார். கீழே லோன்றியில் உடுப்புக் காயும்வரை காத்திருந்த நேரங்களில்தான் பழக்கமானோம். அவருடைய கணவர் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நீர்மூழ்கிக் கப்பலில் வானொலிக்காரராக இருந்தவர். பிரான்சின் துறைமுகம் ஒன்றிலிருந்து அட்லாண்டிக்குக்குப் போய், சரக்குக் கப்பல்களை மூழ்கடித்துவிட்டுத் திரும்பும் கப்பல். முதல் பயணங்களில் கரையில் பாண்ட் வாசித்து வரவேற்றார்களாம். கடைசித் தடவை போனது வரவேயில்லை. ஐஸ்லாந்துக்குத் தெற்கே விமானம் குண்டு போட்டதில் எல்லோரோடும் மூழ்கிவிட்டது என்று போர் முடிந்தபின் அரசாங்கம் நாள் குறித்து எழுதி அறிவித்ததாம். வருடாவருடம் அந்த நாளில் ஒரு மெழுகுதிரி கொளுத்துவார். மற்ற நாள்களில் சாதாரணமாகத்தான் இருந்தார்.

அவர்கள் மூழ்கடித்த கப்பல்களிலும் ஆட்கள் இருந்திருப்பார்களே என்று எனக்குத் தோன்றும். கேட்டதில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு அவர்மேல் பொறாமை.

என் கணவர் எங்கள் நாட்டுச் சண்டைக் காலத்தில் ஊரைவிட்டு வெளியேறக் கிளாலிக் கரையில் படகேறியவர். நடுக்கடலில் கடற்படையின் துப்பாக்கிச் சூடு விழுந்ததாம். எந்த இரவு என்று ஒருவருக்கும் தெரியாது; உடலும் கிடைக்கவில்லை. மாமி, அவருடைய தாய், என்னோடுதான் இருந்தார். மகன் வருவான் என்றே இருந்தார். அந்தியேட்டி, திதி என்ற சொற்களையே வீட்டில் எடுக்கக்கூடாது. நான் அழுதால் அபசகுனம் என்று ஏசுவார். வாய்விட்டு அழ எனக்கு ஒரு நாள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். திதி தெரியாதவர்களுக்கு அமாவாசையில் செய்யலாம் என்று ஸ்காபரோ கோயில் ஐயர் சொல்லியிருந்தார். மாமி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மெழுகுதிரிக் கதையைச் சொல்லிச் சொல்லித்தான் மாமியை வழிக்குக் கொண்டுவந்தேன். அந்த மனுசிக்கு அழ ஒரு நாள் இருக்கிறது, அதனால்தான் மற்ற நாள்களில் சாப்பிடுகிறார், தூங்குகிறார் என்றேன். கடைசியில் மாமி குனிந்த தலையோடு ஓம் என்றார். வரும் அமாவாசைக்கு ஐயரிடம் சொல்லிவைத்தேன்.

அந்தக் கிழமைதான் ஜெர்மனியிலிருந்து மூதாட்டியின் பெறாமகன், தமக்கையின் பிள்ளை, போன் எடுத்தான். பழைய பதிவுகளை யாரோ திரும்ப ஆராய்ந்திருக்கிறார்கள். அன்று விமானம் அடித்தது வேறொரு நீர்மூழ்கியை. இவருடையது எங்கே, எப்போது போனது என்று ஒருவருக்கும் தெரியாதாம். மூதாட்டி நேரே எங்கள் வீட்டுக்கு வந்து விம்மினார். அன்றைக்கு அவர் உயிரோடு இருந்திருப்பாரே, இவ்வளவு காலமும் நான் எதற்குக் கொளுத்தினேன் என்று கேட்டார். என்னவாம் என்று மாமி என்னைப் பிடித்துக்கொண்டார். சொல்லவேண்டியதாயிற்று.

மாமி சொன்னார்.

“கவுண்மேந்து எழுதி வைச்சதே பிழையாப் போச்சு. என்ர பிள்ளைக்கு நீ எப்பிடி நாள் குறிப்பாய்? ஐயரை வரவேண்டாமெண்டு சொல்லு.”

அவர்களுக்கு நாள்தான் பிழை, ஆள் திரும்பி வரவில்லையே என்று மன்றாடிப் பார்த்தேன். அவர் எழுந்து அறைக்குள் போய்விட்டார். ஐயருக்கு நானே போன் எடுத்து வரவேண்டாமென்று சொன்னேன்.

அமாவாசையன்று நான் முழுகிவிட்டு வந்தபோது மாமி குங்குமத்தோடு நின்றார். தன் கையாலேயே எனக்குப் பொட்டு வைத்தார், வழக்கத்தைவிடப் பெரிதாக.

“வருவான், என்ன பிள்ளை?” என்றார்.

“ஓம் மாமி,” என்றேன்.